குழந்தைக்குக் கொழுப்பு உறிஞ்சப்படவில்லையா? எந்த மரபணு என்று தேடும் வழி

மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, கடும் நாற்றத்தோடு போகிறது, குழந்தைக்கு எடையும் ஏறவில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். சரி, அடுத்து நேராக மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டாம். கொழுப்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று முதலில் பிரித்துப் பார்த்தால், அதன் பின் வரும் மரபணு முடிவைப் புரிந்துகொள்வதும் சுலபம்.

கொழுப்பை உடைப்பது கணையத்தின் நொதி. அதனால் கணையம் வேலை செய்கிறதா என்று காட்டும் இன்னொரு கணைய நொதியான எலாஸ்டேஸின் அளவை மலத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீராகப் போகும் மலத்தைக் கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், ஓரளவு கெட்டியாக இருக்கும்போது கொடுங்கள். உண்மையிலேயே குறைவு என்றால் வியர்வைப் பரிசோதனை. அதில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால், நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்தான் முதல் சந்தேகம், அதற்குக் காரணம் 1989-இல் கண்டுபிடிக்கப்பட்ட சிஎஃப்டிஆர் மரபணு. வியர்வை சரியாக இருந்து, ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் குறைந்திருந்தால், ஷ்வாக்மன்-டயமண்ட் நோய்க்குக் காரணமான எஸ்பிடிஎஸ் மரபணுவைப் பார்ப்பார்கள்.

கணையம் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் லிப்பிட் புரொஃபைல், அதாவது ரத்தத்தில் உள்ள கொழுப்பு வகைகளின் அளவைப் பார்க்கும் பரிசோதனை. பலரும் இதைக் குழந்தைக்கு மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்து எடுக்கக் கேளுங்கள், ஏனென்றால் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் மிகக் குறைவாகவும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) கிட்டத்தட்ட இல்லாமலும் இருந்தால் இரண்டு மரபணுக்கள் மேல் சந்தேகம் வரும். குடல் செல்லுக்குள் கொழுப்பைப் பொட்டலம் கட்ட அபோ-பி என்ற புரதம் வேண்டும், அதில் கொழுப்பை ஏற்றிவிட இன்னொரு புரதம் வேண்டும். முதலாவது ஏபிஓபி மரபணுவின் வேலை, இரண்டாவது எம்டிடிபியின் வேலை. எது பழுதானாலும் குழந்தையிடம் தெரியும் அறிகுறிகள் ஒன்றுதான். ஆனால் எம்டிடிபி என்றால் பெற்றோரின் எல்டிஎல் பொதுவாகச் சரியாகவே இருக்கும், ஏபிஓபி என்றால் இருவருக்குமே வழக்கமான அளவில் பாதி அல்லது அதற்கும் கீழே இருக்கும். ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கவும் சொல்லுங்கள், இந்த நோய்களில் சிவப்பணுக்கள் முள்முள்ளாகத் தெரியும்.

கொலஸ்ட்ரால் குறைவு, ஆனால் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு சரியாக இருக்கிறது என்றால் அது வேறு கதை: பொட்டலம் கட்டியாகிவிட்டது, செல்லை விட்டு வெளியேற வழியில்லை. இது எஸ்ஏஆர்1பி மரபணுவின் கோளாறு, எண்டோஸ்கோபியில் குடல் வெள்ளையாகத் தெரியும்.

அப்புறம் மரபணுப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது இந்த முடிவுகள் அத்தனையையும் கூடவே கொடுங்கள். பெற்றோர் ரத்த உறவினர் என்றால் அதையும் சொல்லுங்கள். இவற்றில் பெரும்பாலானவை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோயாகும், அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு.

முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வைட்டமின்களைத் தள்ளிப்போடாதீர்கள். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உடலுக்குள் போகும், அதிலும் ஈ இல்லாவிட்டால் விழித்திரையும் நரம்பும் மெல்ல மெல்லக் கெடும், கெட்டது பெரும்பாலும் திரும்பாது. இந்த நோய்களில் தேவைப்படும் அளவு சாதாரண டானிக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் மருத்துவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.