சுகர் இருக்கவங்க நெஞ்சுவலி வரட்டும்னு காத்திருக்காதீங்க

கீழக்கரை, தொண்டி, பாம்பன்னு நம்ம கரையோரத்துல சுகர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும், ஆனா காலையும் கண்ணையும் பாக்குற அளவுக்கு இதயத்தை யாரும் கண்டுக்கிறதில்ல, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். சுகர் எல்லா இனத்துக்காரங்களையும் ஒரே மாதிரி தாக்குறதில்லைங்க. லண்டன்ல சவுத்தால், பிரென்ட் பக்கம் 1988ல ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆளுங்களை ஆராய்ச்சிக்காரங்க தொடர்ந்து பாத்தாங்க. அங்க கரீபியன் கறுப்பின மக்களுக்கும் நம்மள மாதிரியே சுகர் ஜாஸ்தி, ஆனா ஹார்ட் அட்டாக் வெள்ளைக்காரங்களை விட கம்மி, நம்ம தெற்காசிய ஆளுங்களுக்குத்தான் அதிகம்.

அதனால மொதல்ல தொப்பையை அளக்க தையக்கார டேப்பை எடுங்க. கைலிய கொஞ்சம் இறக்கி விட்டுட்டு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்தி, மூச்சை சாதாரணமா வெளிய விட்டுட்டு அளங்க, வயித்தை எக்கக் கூடாது. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அவ்வளவுதான் நம்ம எல்லை (ஐரோப்பிய ஆம்பளைக்கு 94). கை கால் ஒல்லியா தொப்பை மட்டும் இருந்தா "நான் குண்டு இல்ல"ன்னு விட்ராதீங்க, பிஎம்ஐயும் (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு) நமக்கு 23லயே உஷாராகணும்.

அடுத்து மூணு மாச சுகர் (HbA1c), பிபி, கொலஸ்ட்ரால், யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம் போகுதான்னு ஒரு டெஸ்ட், இந்த கடைசி டெஸ்டை நெறைய பேர் எடுக்கிறதே இல்ல, நீங்களே கேட்டு எடுங்க. 40 வயசு தாண்டியாச்சுன்னா கொலஸ்ட்ரால் நார்மலா இருந்தாலும் ஸ்டேட்டின்ங்கிற கொலஸ்ட்ரால் குறைக்கிற மாத்திரை வேணுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. பிபி, சுகர் மாத்திரைய அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே கொண்டாந்து தர்றாங்க, நல்லா இருக்குன்னு நடுவுல நிறுத்தாதீங்க. கருவாடு பிபிய ஏத்தும், கருப்பட்டி போட்ட காப்பியும் சுகரை ஏத்தத்தான் செய்யும், சீனிக்கு பதிலா குடிக்கலாம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. பீடி சிகரெட்டை இன்னைக்கே விடுங்க.

முக்கியமா ஒண்ணு. சுகர் நரம்பை மந்தமாக்கிரும், அதனால அட்டாக் வந்தாலும் நெஞ்சு வலிக்காமலே போகலாம், திடீர் மூச்சுத்திணறல், குப்புனு வேர்வை, குமட்டல், தாடை வலின்னு மட்டும் வரும். கேஸ்னு ஓமத்தண்ணி குடிச்சிட்டு விடியட்டும்னு படுக்காதீங்க. ராமேஸ்வரத்துல இருந்து மதுரை 170 கிலோமீட்டர் கிட்ட இருக்கு, அதனால உடனே 108க்கு போன் போட்டு, பக்கத்து ஜிஎச்லயே மொதல்ல ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க, சுகர் இருக்குங்கிறதையும் சேத்தே சொல்லுங்க.