வன்னிக் காணி: கையெழுத்து வைக்க முன் எந்தப் புத்தகம் என்று பாருங்கோ

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் நீங்கள் களைப்பாற முன்னமே யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள். "சித்தப்பா, ஒரு கையெழுத்துத்தானே" என்பார்கள். அநேகமாக அது பொது அற்றோர்னித் தத்துவமாக, அதாவது உங்கள் சார்பில் எல்லாம் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரமாக இருக்கும். அன்றைக்கு வைக்காதீர்கள். அந்தக் காணி எங்கே பதிந்து கிடக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து உறுதியோடு (காணிப் பத்திரத்தோடு) பழகியவர்கள் வன்னியில் தடுமாறுவது இங்கேதான். வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. பொமிற் காணியின் (அரசின் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியின்) விபரம் பிரதேச செயலகக் காணிக் கிளையின் பேரேட்டில் இருக்கும். அளிப்புப் பத்திரமும் (அரசு காணியை அளித்துக் கொடுக்கும் பத்திரம்) நொத்தாரிசு (பத்திரப் பதிவுச் சட்டத்தரணி) எழுதும் உறுதியும் காணிப் பதிவகத்தில் இருக்கும். பொமிற் காணியை அனுமதியில்லாமல் விற்று நொத்தாரிசு முன் உறுதி முடித்தாலும் அது செல்லாது. கொடுத்த காசு போனதுதான். தனக்குப் பின் காணி சேர வேண்டிய பின்னுரித்தாளரின் பெயரையும் பொமிற்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும். அவர் இறந்தால், பின்னுரித்தாளர் 6 மாதத்துக்குள் காணியில் இறங்க வேண்டும். லண்டனில் இருந்து அழுதுகொண்டிருந்தால் அந்த 6 மாதம் நிற்காது.

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகம். ஒவ்வோர் உறுதிக்கும் மூன்று பிரதி உண்டு. மூலம் உரிமையாளரிடம், ஒன்று நொத்தாரிசின் கோவையில், இணைப்பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்தில். இடப்பெயர்வில் மூலம் தொலைந்தவர்கள் மனம் விடத் தேவையில்லை. மற்ற இரண்டில் ஒன்று தப்பியிருந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தேவை. அம்மாவின் பழைய கடிதக் கட்டைக் கிளறினால் இவை கிடைக்கக்கூடும். இவை கையில் இல்லாமல் கந்தோர் வாசலில் நின்றால், விடுமுறை முழுக்க "நாளைக்கு வாங்கோ" கேட்டே முடியும். கோபம் வரும், ஆனால் பழுது எங்கள் பக்கமும் உண்டு. இருந்த தாளையும் அப்பர் அம்மாவிடமே விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

பதிவேடு ஆளின் பெயரில் ஓடாது, காணியின் பெயரில் ஓடும். பக்கத்தின் தலையில் எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும், அடியில் எங்கே கொண்டுசெல்லப்பட்டது என்றும் எழுதியிருக்கும். இடையில் கொடுத்தவர், வாங்கியவர், உறுதியின் தன்மை, இலக்கம், நொத்தாரிசு என்று நிரல்கள். தலையில் ஒன்றும் எழுதாமல் புதுப்பக்கம் திறந்திருந்தால் நின்று விசாரியுங்கள். காணிப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, பழைய பக்கத்தோடு தொடுக்காமல் பதிந்தால், அதற்கு முந்தின ஈடும் (அடமானமும்) விற்பனையும் தேடுபவர் கண்ணில் படாது. வழமையாக 30 வருடம் தேடுவார்கள். வன்னிக்கு அது போதாது. 1983க்கு முந்தின ஒரு சுத்தமான உறுதி கிடைக்கும் வரை பின்னால் போங்கள்.

பதிவு உரிமைச் சான்று அல்ல. கள்ள உறுதியைப் பதிந்தாலும் அது நல்லுறுதி ஆகாது. ஆனால் நீங்கள் பதியாமல் வைத்திருந்த உறுதியை, அதே ஆளிடம் பிறகு காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்த ஒருவர் வெல்லலாம். கள்ளமோ கூட்டுச் சதியோ இருந்தது என்று காட்டினால்தான் தப்பலாம். ஆகவே எழுதின உறுதியைப் பதியாமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பிரசையானவர்கள் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தையும் பாருங்கள். பரம்பரையாக வருவதற்கும் இரட்டைப் பிரசாவுரிமைக்கும் விலக்கு உண்டு. புதிதாக வாங்குவது வேறு கதை.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். அதை நீட்டுபவர் மிதிவெடி அகற்றின கையோடு பற்றை வெட்டி, கிணறு இறைத்து, அந்த மண்ணில் நின்றவராக இருக்கலாம். நாங்கள் நிற்கவில்லை. அவருக்குப் பங்கு நியாயம் என்று பட்டால், எல்லையும் பரப்பும் குறித்து நன்கொடை உறுதி எழுதிக் கொடுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் இடம் கொடுக்கும் பொதுத் தத்துவம் வேண்டாம். அது உறவையும் சேர்த்துத் தின்னும்.

2025 மார்ச் 28 வர்த்தமானியில் வடக்கின் 5,941 ஏக்கருக்கு உரிமை கோர 3 மாதம்தான் தந்தார்கள். அதில் 1,703 ஏக்கர் முல்லைத்தீவு, 515 ஏக்கர் கிளிநொச்சி. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அடுத்த அறிவித்தல் வரும்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். திரும்ப முன் உறுதிப் பிரதி, பதிவேட்டுப் பிரதி, நில அளவைப் படம் மூன்றையும் ஒரே கோப்பாக்கி ஒரு பிரதியை ஊரில் நம்பிக்கையானவரிடம் கொடுங்கள், கிராம சேவையாளரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வாருங்கள்.