பழைய வீட்டுக்குப் பின்னால் அடுப்படி இழுத்துக் கட்டும்போது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு வெளியே வந்து பழைய வீடு வாங்கிய நம் ஆட்களுக்கு ஒரே ஆசைதான்: பின்னால் பெரிய அடுப்படி. நான் வீட்டு வேலை குத்தகைக்கு எடுப்பவன். இப்படிக் கேட்டு வருபவர்களிடம், முதலில் வீட்டின் பின் சன்னலைப் பாருங்கள் என்பேன். இடுப்புயரம் செங்கல், மேலே பலகை, தகரக் கூரை என்றிருக்கும் அந்த வீட்டுக்குக் காற்று அதன் வழியாகத்தான் போய் வருகிறது. அதை ஒட்டிச் சுவர் எழுப்பினால் நடு அறையில் பகலிலும் விளக்கு, இரவெல்லாம் ஏர்கோன்.

ஆகவே ஒட்டாதீர்கள். நடுவில் நாலடி அகலத்துக்கு வானம் பார்த்த இடம் விட்டு, ஓரமாகக் கூரை போட்ட நடையால் இணையுங்கள். இடம் வீணாகிறதே என்பார்கள். துணி காயப் போடலாமே! அனுமதிக்காக ஊராட்சி மன்றத்துக்குக் கொடுக்கும் பிளானிலேயே அதை அளவோடு வரையச் சொல்லுங்கள். பிளானில் இல்லாவிட்டால் வேலையாட்கள் கூரையை நீட்டி மூடிவிடுவார்கள்.

அப்புறம் வெயில். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகை அளவில்தான் இருக்கிறோம். நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால் வடக்கு, தெற்குச் சுவர்களைக் காக்க நீண்ட தாழ்வாரம் போதும். மேற்குச் சுவர்தான் தொல்லை. பிற்பகல் வெயில் சாய்ந்து தாழ்வாரத்துக்கு அடியில் நுழையும். அந்தப் பக்கம் குளியலறை, சாமான் அறை இருக்கட்டும். ஐஸ்பெட்டியை அங்கே வைக்கவே வேண்டாம். சுற்றிலும் சூடு இருந்தால் அது மின்சாரத்தைக் குடிக்கும்.

பணத்தைக் கூரையில் போடுங்கள். வெளிர்நிறத் தகரம், அதன் அடியில் அலுமினியத் தாள், பிறகு 50 மில்லிமீட்டர் ராக்வூல் என்ற சூடு தடுக்கும் பஞ்சு, கடைசியில் சீலிங். தாளின் பளபளப்பு முகம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பயன் குறைந்துவிடும். அந்த முகத்துக்கும் ராக்வூலுக்கும் நடுவே 25 மில்லிமீட்டராவது காற்று இடைவெளி வேண்டும். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு நேராகக் கீழே இறங்கும், பளபளப்பால் ஒரு லாபமும் இல்லை. வேலை நடக்கும்போதே ஏணியில் ஏறிப் பார்த்துவிடுங்கள். சீலிங் அடித்தபின் யாருக்கும் தெரியாது. ராக்வூல் இருந்தால் மழைச் சத்தமும் அடங்கும்.

வெளிச்சத்துக்காகக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூரை போடுவது இப்போது ஒரு மோகம். அடுப்படிக்கு அது வேண்டவே வேண்டாம். சன்னலைப் பெரிதாக்குங்கள். நம் நாட்டின் 1984 கட்டட விதிகள் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னல் கேட்கின்றன. நான் 20 வரை வைப்பேன். சுவர் உச்சியில் இரண்டு வரிசை காற்றுத்துளைக் கல் வைத்து, உள்ளே கொசுவலை அடித்தால் அடுப்புச் சூடு தானாக மேலேறி வெளியே போய்விடும்.

நடைக்கூரையைப் பழைய வீட்டில் தொங்கவிடாமல் தனித் தூணில் நிறுத்துங்கள். புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்; பழையது இறங்கி முடித்தது. இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் விரிசல் விட்டு, சாயங்கால மழைக்கு அங்கேதான் ஒழுகும். இரண்டும் சேரும் இடத்தில் மடித்த தகடு போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்து.