செடிகள் வளரும் மீன்தொட்டிக்குக் குழாய்நீரைப் பக்குவப்படுத்துதல்

கிருமிகளைக் கொல்வதற்காகக் குழாய்நீரில் சேர்க்கப்படும் குளோரின், மீன்களின் செவுள்களைப் புண்ணாக்குவதோடு, வடிகட்டியின் பஞ்சில் குடியிருந்து அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களையும் அழித்துவிடும். வாளியில் பிடித்த நீரைக் காற்றுக்கல் (காற்றைக் குமிழிகளாக விடும் கல்) ஓடவிட்டு 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். சில ஊர்களில் அதற்குப் பதிலாகக் கலக்கப்படும் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம்) அவ்வளவு எளிதில் போகாது. ஆகவே உங்கள் நீரில் எது கலக்கப்படுகிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

குளோரினை நீக்கப் பயன்படும் சோடியம் தயோசல்பேட், குளோரமினை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சுகிறது. செழித்து வளரும் செடிகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், அவற்றை மட்டுமே நம்பியிராமல், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் நீர்ச்சீராக்கியை வாங்குவதே நல்லது. நீரை நேரடியாகத் தொட்டியில் விடுவதாக இருந்தால், புதுநீருக்கு மட்டுமன்றி முழுத் தொட்டியின் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு, அந்தச் சீராக்கியை முன்னதாகவே ஊற்றிவிடுங்கள்.

செடிகளுக்குக் கால்சியமும் மக்னீசியமும் தேவை. உப்பைக் கொண்டு மென்மையாக்கும் கருவி இவ்விரண்டையும் அகற்றிச் சோடியத்தை ஏற்றுவதால் அந்நீரைத் தவிர்க்க வேண்டும். நீர் மிகவும் கடினமாக இருந்தால் ஆர்ஓ நீரை (சவ்வு வழியே வடிகட்டி உப்புகள் பெரும்பாலும் நீக்கப்பட்ட நீர்) கலந்துகொள்ளலாம். புதுநீரின் வெப்பநிலை தொட்டிநீரோடு ஒத்திருக்கட்டும்.

நீர் மாற்றிய உடனே இலைகளில் முத்துமுத்தாகக் குமிழிகள் படிவதை ஒளிச்சேர்க்கை என்று எண்ணிவிட வேண்டாம். குழாயின் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்றுதான் பெரும்பாலும் அப்படி வெளிப்படுகிறது.