ஒரே மூலநிரல், பல பில்டுகள்: ஹெடரைக் கவனியுங்கள்

சி அல்லது சி++ மொழியில் எழுதிய ஒரே நூலகத்தை (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) டீபக் (பிழை தேட), ரிலீஸ் (வெளியிட), ஸ்டாட்டிக் (நிரலுக்குள்ளேயே சேர்வது), ஷேர்டு (ஓடும்போது இணைவது) என்று பல வடிவங்களில் உருவாக்க வேண்டுமா? மூலநிரலை நகலெடுக்காதீர்கள். வடிவத்துக்கு ஒன்றாகத் தனித்தனி பில்ட் கோப்புறை போதும். பில்டை அமைக்கும் கருவியான சிமேக்கில் (CMake) 3.19 பதிப்பிலிருந்து பிரீசெட் கோப்பும் உண்டு. தேர்வுகளை அதில் எழுதி வைத்தால் குழுவில் எல்லோருக்கும் ஒரே கட்டளைதான். டீபக் நூலகத்தின் பெயர் இறுதியில் ‘டி’ சேர்ப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

உண்மையான ஆபத்து ஹெடர் கோப்புகளில்தான், அதாவது நூலகமும் அதைப் பயன்படுத்தும் நிரலும் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புக் கோப்புகளில்தான் இருக்கிறது. ஒரு மேக்ரோவை (கம்பைல் செய்யும்போது தரும் பெயரிட்ட தேர்வு) பொறுத்து ஒரு ஸ்ட்ரக்டில் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிய அமைப்பு) கூடுதல் உறுப்பு சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகம் அந்த மேக்ரோவுடனும், அதைப் பயன்படுத்தும் நிரல் அது இல்லாமலும் கம்பைல் ஆனால், இரண்டும் ஒரே தரவை வெவ்வேறு அளவில் பார்க்கும். கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் பெரும்பாலும் எச்சரிக்காது. ஓடும்போது நினைவகம் சிதைந்து, தொடர்பே இல்லாத இடத்தில் பிழை தலைகாட்டும். தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஆகவே அத்தகைய மேக்ரோக்களைக் கட்டளை வரியை நம்பி விடாதீர்கள். பில்டை அமைக்கும்போதே உருவாகும் கான்ஃபிக் ஹெடரில் அவற்றை எழுதி, அந்த ஹெடரை அதே வடிவ நூலகத்துடன் சேர்த்து, தனிக் கோப்புறையில் நிறுவுங்கள்.