ஏற்காடு போகிறீர்களா? உதவி செய்ய நினைத்தால், படிப்படியாக இப்படிச் செய்யுங்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து மலை ஏறும் கார்கள் பலவற்றின் டிக்கியில் ஒரு டஜன் நோட்டு, இரண்டு பாக்கெட் மிட்டாய், வீட்டில் கழித்த துணி மூட்டை ஒன்று இருக்கும். கொடுக்க வேண்டும் என்ற மனசு நல்ல மனசு. ஆனால் கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி மிட்டாய் நீட்டினால், அடுத்த காரைப் பார்த்ததும் பிள்ளைகள் சாலைக்கு ஓடி வருவார்கள். 20 வளைவுள்ள சாலை அது. இறங்கும் பேருந்துக்கு வளைவின் மறுபக்கம் தெரியாது. அதனால் முதல் விதி: சாலையோரத்தில் எதையும் கொடுக்காதீர்கள். குரங்குக்கும் இதே விதிதான்.

படி 1: ஒரு வாரம் முன்பே கேளுங்கள்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. மதிய உணவு உண்டு. தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய காலை உணவும் உண்டு. நீங்கள் வாங்கிப் போகும் நோட்டு பெரும்பாலும் பீரோவில்தான் போய்ச் சேரும்.

எனவே ஏற்காடு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரித்து, ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். மாலை 4 மணிக்கு மேல் அழைப்பது நல்லது, வகுப்பு கெடாது. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் சேலத்தில் உள்ள அத்துறை அலுவலகத்தில் முன் அனுமதி கேளுங்கள். "சார், எங்களால் ஐயாயிரம் ரூபாய் வரை முடியும். பள்ளிக்கு இப்போது எது இல்லாமல் சிரமமாக இருக்கிறது?" என்று தொகையைச் சொல்லியே கேளுங்கள். தொகை தெரியாவிட்டால் கூச்சத்தில் "எதுவானாலும் சரிங்க" என்பார்கள், நீங்கள் மறுபடி நோட்டு வாங்குவீர்கள். குழாய் ரிப்பேர், கதைப் புத்தகம், விளையாட்டுச் சாமான் போன்றவை சொல்லப்பட்டால் அதையே செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்கள்.

மே மாதக் கோடை விழாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அப்போது பள்ளி விடுமுறை. போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாமல், ஏப்ரலிலேயே பேசி வையுங்கள்.

படி 2: பொருள் வாங்கினால், அதன் பராமரிப்பையும் சேர்த்து வாங்குங்கள்

குடிநீரை எடுத்துக்கொள்வோம். பலரும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கித்தரவே ஆசைப்படுகிறார்கள். மலைக்கிராமத்தில் அது நிலைப்பது கடினம். மின்சாரம் வேண்டும், குழாயில் அழுத்தம் வேண்டும், உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பங்கு கழிவாக வெளியேறும். பழுதானால் மெக்கானிக் சேலத்திலிருந்து ஏறி வர வேண்டும். அவர் வருகைக்கட்டணத்தைக் கேட்டதும் இயந்திரம் மூலைக்குப் போய்விடும்.

சிறிய பள்ளிக்கு எவர்சில்வர் கேன்டில் ஃபில்டரே போதும். ஆனால் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஒரு பீங்கான் கேன்டிலில் மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 லிட்டர்தான் இறங்கும். 30 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் 30 லிட்டர். ஒற்றைக் கேன்டில் ஃபில்டர் ஒன்றை வைத்தால் பத்தரை மணி இடைவேளைக்குள் காலியாகிவிடும். மூன்று கேன்டில் உள்ள பெரியது, அல்லது சிறியது இரண்டு வாங்கி, முந்தைய மாலையே மேல் பாத்திரத்தை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் கலங்கி வரும், கேன்டில் அடைத்துக்கொள்ளும். தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். கேன்டிலை வாரம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால், ஓடும் தண்ணீரில் தேய்க்க வேண்டும். சோப்பு கூடாது, நுண்துளைகளுக்குள் தங்கிவிடும். சாதாரண கேன்டில் சேற்றை நிறுத்தும், எல்லாக் கிருமியையும் நிறுத்தாது. வடிகட்டிய தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும் என்பதைச் சமையல் அக்காவிடம் நேரில் சொல்லுங்கள். அதே அளவில் கேன்டில் ஒரு ஜோடி உபரியாக வாங்கி, ஃபில்டரோடு ஒப்படைத்துவிடுங்கள்.

படி 3: பணமாகக் கொடுப்பதென்றால்

அரசுப் பள்ளிக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" தளம் வழியாகக் கொடுக்கலாம். தனியார் அறக்கட்டளை என்றால் முதலில் தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அதன் பதிவைப் பாருங்கள். பிறகு பான் எண்ணையும் வருமான வரிப் பதிவையும் கேளுங்கள். கடைசியாக, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அறக்கட்டளையின் பெயர் வராமல் தனி ஆளின் பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். நாங்கள் அறிந்த வரையில் பிசகைக் காட்டிக்கொடுக்கும் சுலபமான அடையாளம் இதுதான்.

வரிச்சலுகை வேண்டுமானால் ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், சலுகை கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

சிங்கப்பூர், மலேசியா, கனடாவிலிருந்து வரும் உறவுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் கொடுத்தால் போதும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கதை வேறு. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதிக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில் அதை வாங்கலாம். உண்டியலில் அன்போடு போடும் ஒரு கட்டு நோட்டு, அந்தச் சிறிய அமைப்பைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். அந்த அமைப்பு விற்கும் பொருளை விலை கொடுத்து வாங்குவதற்கு இந்தத் தடை இல்லை.

படி 4: குழந்தைகள் இல்லத்துக்குப் போகும் முன் யோசியுங்கள்

பிறந்தநாள் கேக் வெட்ட இல்லத்துக்குப் போவதைத் தவிர்க்கும்படி அழுத்திச் சொல்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் புது அண்ணன், புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பிரிவைத் தருகிறது. கம்போடியாவில் சுற்றுலாப் பயணிகளின் பணத்தை நம்பியே இல்லங்கள் பெருகின. அவற்றில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. நேபாளத்திலும் இதே நிலைமை கண்டறியப்பட்டது.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அரிசி, பருப்பு என்று அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்புங்கள். படம் எடுக்காதீர்கள். இல்லக் குழந்தையின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் 1098-ஐ அழையுங்கள்.

படி 5: மலையில் விளைந்ததை மலையில் வாங்குங்கள்

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் தங்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்தவர் அல்லர், பேசுவது தமிழ். அண்ணா, அக்கா என்று மரியாதையாகப் பேசுங்கள், பேரம் பேசாதீர்கள். சிறு விவசாயிகள் பலரும் காப்பிப் பழத்தைச் செடியிலிருந்து பறித்த கையோடு வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்கள். வறுத்து அரைத்த பொடியை அவர்களிடமோ மகளிர் குழுவிடமோ வாங்கினால் கூடுதல் காசு மலையிலேயே தங்கும்.

தரம் பார்க்க ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் போதும். காப்பிப் பொடியை மேலே தூவுங்கள்: காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்தபடி கீழே இறங்கும். மிளகுக்கு நேரெதிர். நல்ல மிளகு மூழ்கும், கலப்படமாகச் சேர்க்கும் பப்பாளி விதை மிதக்கும். சப்பை மிளகும் மிதக்கும் என்பதால், மிதப்பதில் ஒன்றை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். அவசரப்பட்டு விற்பவரைக் குறை சொல்லக் கூடாது.

படி 6: இறங்கிய பிறகு ரத்ததானம்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்த வங்கி இருக்கிறது. வயது 18-க்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் இடைவெளி. இதை மலை ஏறும் முன் செய்யாதீர்கள். கொடுத்த அன்று வளைவுச் சாலையில் வண்டி ஓட்டினால் தலைசுற்றல் வரலாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஊர் திரும்ப ரயிலோ பேருந்தோ பிடியுங்கள்.

படி 7: இரண்டு மாதம் கழித்து ஒரு போன்

தலைமை ஆசிரியரை அழைத்து, "ஃபில்டர் ஓடுதுங்களா, கேன்டில் மாத்திட்டீங்களா?" என்று கேளுங்கள். குழாய்த் திருகு ஒழுகுகிறது என்பார். அந்த வாஷர் சில ரூபாய்தான், ஆனால் அதை வாங்க யாராவது கீழே இறங்கி வர வேண்டும். அளவைக் கேட்டு நாலைந்தாக வாங்கிக் கூரியரில் அனுப்பிவிடுங்கள்.