பழைய பொருள் ஒன்றிலிருந்து வரலாற்றைப் படிப்பது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை

பழைய பொருள் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எந்த வருஷத்தது?" அதற்கு நேரடியாகப் பதில் தேடப் போனால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். ஒரு பொருளில் உள்ள மூடி, திருகு, சீட்டு, எழுத்து என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது உண்டு. அவற்றுள் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன்னால் அந்தப் பொருள் இன்றைய வடிவில் இருந்திருக்க முடியாது. இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் மீதிக்கு வேண்டியது பொறுமை.

பழகுவதற்கு ஒரு கண்ணாடிப் புட்டியும் ஓர் இசைத்தட்டும் போதும். செய்முறையின் தடத்தைப் புட்டியில் தேடிப் பழகலாம். தட்டைப் பிடித்தால் ஒரு காலத்தின் பாட்டு ரசனைவரை போகலாம்.

கருவிகள்

10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், 1 கிராம்வரை காட்டும் தராசு, சின்ன டார்ச், 2பி பென்சில், நோட்டு. பேனாவைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். பழைய தாளில் மை பட்டால் போகவே போகாது. உலோகத்தையும் புகைப்படத்தையும் எடுக்கும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள், விரல் வியர்வையில் உள்ள உப்பு அவற்றை அரிக்கும். கண்ணாடிக்குக் கையுறை வேண்டாம், வழுக்கும்.

படி 1: துடைக்காதீர்கள்

ஆர்வத்தில் எல்லோரும் செய்கிற முதல் தவறு இதுதான். புட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் படிவு, சீட்டு இருந்த இடத்தின் பசைத் தடம், திருகுக் காடியில் அடைந்த அழுக்கு எல்லாமே சாட்சிகள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். 78 சுற்று (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டில் ஆல்கஹால் கலந்த திரவம் எதையும் தொடவிடாதீர்கள்: அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்குக் கலவையால் ஆனவை, அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

இருட்டில் ஒளிரும் முள் உள்ள பழைய கைக்கடிகாரத்தைத் திறக்காதீர்கள். அதில் கதிர்வீச்சு உள்ள ரேடியம் பூச்சு இருக்கலாம். பழைய திரைப்படச் சுருள் கிடைத்தால் நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. 1950-களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் பற்றிக்கொள்ளும், பற்றினால் தண்ணீரிலும் அணையாது.

படி 2: பெயர் சூட்டாமல் எழுதுங்கள்

இருபது நிமிடம் ஒதுக்கி, கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். "மருந்துப் புட்டி" என்று எழுதினால் அங்கேயே முடிவுக்கு வந்துவிட்டீர்கள். குறிப்பு இப்படி இருக்கட்டும்:

"உயரம் 187 மி.மீ. அடி விட்டம் 61 மி.மீ. எடை 342 கிராம். வெளிர்பச்சை. தோளில் 3 குமிழிகள், பெரியது 2 மி.மீ. இரு பக்கமும் மேல்நோக்கி ஓடும் மெல்லிய கோடு. கழுத்தில், வாய்விளிம்புக்கு 9 மி.மீ. கீழே மறைகிறது."

எளிதில் தவறிப்போவது அந்தக் கடைசி வரிதான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் புட்டியை மெல்லச் சுழற்றினால்தான் கோடு தெரியும். நேர் வெளிச்சத்தில் தெரியாது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும்.

படி 3: புட்டியின் கோட்டைப் படியுங்கள்

அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம்தான் அந்தக் கோடு. அது கழுத்தோடு நின்றால், உடம்பை அச்சில் ஊதி, வாயை மட்டும் தனியாகக் கையால் முடித்திருக்கிறார்கள் என்று பொருள். வாய்விளிம்பின் உச்சிவரை ஏறினால் அது இயந்திரத்தின் வேலை. மைக்கேல் ஓவன்ஸின் முழுத் தானியங்கிப் புட்டி இயந்திரம் 1903-இல் வந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் கையூதலைப் பெருமளவு ஓரங்கட்டியது. அந்த இயந்திரம் அடிப்புறத்தில் இறகு போன்ற ஓரத்துடன் ஒரு வட்டத் தழும்பையும் விட்டுப்போகும். வாய் நெளிமூடிக்கு (சோடாப் புட்டியில் இருக்கும் நெளிந்த ஓரத் தகர மூடி) ஏற்றதாக இருந்தால் இன்னொரு வரம்பும் கிடைக்கிறது. வில்லியம் பெயின்டர் அந்த மூடிக்குக் காப்புரிமை பெற்றது 1892-இல்.

கோடே இல்லாவிட்டால்? உடனே "மிகப் பழையது" என்று குதிக்க வேண்டாம். அச்சுக்குள்ளேயே சுழற்றி ஊதினால் கோடு அழிந்து, உடம்பைச் சுற்றி மெல்லிய கிடைக்கீறல்கள் மிஞ்சும். அலங்காரத்துக்காக இன்றைக்குக் கையால் ஊதும் புட்டிகளிலும் கோடு இருக்காது.

அடுத்து அடிவிளிம்பு. பல வருஷம் மேசையிலும் அலமாரியிலும் இருந்த புட்டியின் அடியில், தரை தொடும் வளையத்தில் மட்டும் கீறல்கள் இருக்கும், அவையும் தாறுமாறான திசைகளில். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

படி 4: வரம்பு கட்டுங்கள்

மற்றப் பொருள்களுக்கு அடிக்கடி உதவும் அடையாளங்கள் சில. கடைப்பொருளில் பட்டைக்குறியீடு இருந்தால் 1970-களுக்கு முந்தியதல்ல. கடையில் முதன்முதலாக அது ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26. புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமானது 2007 ஜனவரியில். அதற்கு முன் 10. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோண அம்புக்குள் எண் இருந்தால் 1988-க்குப் பிறகு. நட்சத்திரத் தலைத் திருகு (தலையில் + வடிவக் காடி உள்ள பிலிப்ஸ் திருகு) என்றால் 1930-களின் நடுப்பகுதிக்குப் பிறகு. "மேற்கு ஜெர்மனி" என்று பொறித்திருந்தால் 1949 முதல் 1990 வரை.

திருகில்தான் பலர் ஏமாறுவார்கள். பழைய பெட்டியில் ஒரே ஒரு நட்சத்திரத் திருகு இருந்தால், பெட்டி பிந்தியது என்று முடிவுகட்டும் முன் மற்றத் திருகுகளைப் பாருங்கள். மற்றவை ஒற்றைக் காடித் தலையாக இருந்தால் நடுவில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழுதையும் எழுதிவையுங்கள். தூக்கி எறியாமல் சரிசெய்யும் அளவுக்கு அந்தப் பெட்டி ஒருவருக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது.

குறி இல்லாததைச் சாட்சியாக எடுக்காதீர்கள். நாட்டின் பெயர் காணோம் என்றால், அது அச்சிட்டிருந்த காகிதச் சீட்டு உதிர்ந்தும் போயிருக்கலாம்.

படி 5: இசைத்தட்டிலிருந்து பாட்டுக்கு

தட்டில் இரண்டு எண்கள் இருக்கும். நடுச்சீட்டில் இருப்பது வெளியீட்டு எண். சீட்டை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருப்பது பதிவு எண். லென்ஸும் சாய்ந்த வெளிச்சமும் இல்லாமல் இதைப் படிப்பது கஷ்டம். ஒரே பதிவைப் பல வருஷம் கழித்துப் புதுச் சீட்டோடு மறுபடி அடிப்பது வழக்கம். ஆகவே சீட்டை மட்டும் பார்த்துப் பாடிய வருஷத்தைச் சொல்லக் கூடாது.

வேகமும் ஒரு வரம்பு. 33⅓ சுற்று நெடுந்தட்டு 1948-இலும் 45 சுற்றுத் தட்டு 1949-இலும் சந்தைக்கு வந்தன. 78 சுற்று, 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும். பாட்டு 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியதில் இந்த அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வரும்வரை பாடகர்கள் ஒரு புனலுக்குள் உரக்கப் பாடினார்கள். மைக் வந்த பிறகுதான் காதோடு பேசுவதுபோல் மெல்லப் பாடும் குரல் தட்டில் ஏறியது. ஆகவே குரலின் அழுத்தத்தையும் நோட்டில் குறியுங்கள்.

போட்டுக் கேட்பதானால் ஊசியை மாற்றுங்கள். நெடுந்தட்டு ஊசியின் முனை சுமார் 25 மைக்ரான். 78-இன் அகலக் காடிக்கு 75 வேண்டும். சின்ன ஊசி காடியின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 1920-களின் நடுப்பகுதிக்கு முந்திய தட்டுகளில் வேகமே ஒரே சீராக இல்லை, அதனால் சுருதியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 6: விளம்பரமும் சினிமாவும்

பழைய விளம்பரம் விற்றவரின் ஆசையைத்தான் காட்டும், வீடுகளில் உண்மையில் என்ன இருந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. சினிமாவில் நாயகன் கையில் இருப்பதைவிடத் தெருவில் எடுத்த காட்சியின் பின்னணியில் போகும் வண்டியையும் சுவரொட்டியையும் நம்பலாம். அவற்றை யாரும் அடுக்கிவைக்கவில்லை. படம் வெளியான தேதி மேல்வரம்பு: திரையில் தெரியும் பொருள் அதற்குள் வந்துவிட்டது. சரித்திரப் படம் என்றால் கதை நடக்கும் காலத்தை விட்டுவிட்டு, படம் எடுத்த காலத்துக்குச் சாட்சியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். சிகை அலங்காரமே பாதி காட்டிக்கொடுத்துவிடும்.

படி 7: அட்டை எழுதுங்கள்

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை, மூன்று பத்தி: பார்த்தது, கணித்தது, ஊகம். ஒன்றை இன்னொன்றில் கலக்காதீர்கள். மேலே சொன்ன புட்டிக்கு, "கோடு கழுத்தில் நிற்கிறது" முதல் பத்தியில், "வாய் கையால் முடித்தது" இரண்டாவதில், "1920-களுக்கு முந்தியதாக இருக்கலாம்" மூன்றாவதில் வரும். அமிலமற்ற அட்டையைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டுநாடா கூடாது; அதன் பசை சில வருஷங்களில் மஞ்சளாகி இறங்கும், பிரித்தால் சீட்டும் கூடவே வந்துவிடும்.